பாடபேதத்தில் பிறந்த பாடத்திட்டம்

கேட்கப்பட்டிருப்பவை மூன்று கேள்விகள். சிலபஸ் என்ற ஆங்கிலச் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது? அசையைக் குறிக்கும் சிலபிள் என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரா? பன்மையில் சிலபை என்பதுதானே சரி, சிலபஸஸ் என்பது கொச்சையா?

மூன்றுக்கும் பதில் ஒரே கதைக்குள் இருக்கிறது. அது கொஞ்சம் நீளமான கதை. அவசரக்காரர்களுக்கு மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிலபஸ் கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் என்று ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். ஆனால் பழைய கிரேக்கத்தில் அப்படி ஒரு சொல் இருந்ததே இல்லை.

பழைய அகராதிகள் சொன்ன விளக்கம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். கிரேக்கத்தில் ‘சுன்’ என்றால் ‘சேர்த்து’, ‘லம்பானோ’ என்றால் ‘எடுக்கிறேன்’. இரண்டும் சேர்ந்தால் ‘சுல்லம்பானோ’, அதாவது சேர்த்து எடுக்கிறேன், தொகுக்கிறேன். அதிலிருந்து ‘சுல்லபோஸ்’, அதாவது தொகுப்பு. பாடங்களின் தொகுப்பு சிலபஸ். எனக்கும் முதலில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். இலக்கணப்படி இதில் ஒரு ஓட்டையும் இல்லை. ஒரே ஒரு சிக்கல்தான்: எந்தப் பழைய கிரேக்க ஆசிரியரும் அந்தப் பொருளில் அந்தச் சொல்லை எழுதியதாகச் சான்று இல்லை.

அப்படியானால் அது எங்கிருந்து முளைத்தது? ஒரு கடிதத்திலிருந்து.

கி.மு. 56. ரோமுக்குத் தெற்கே கடற்கரையில் அன்ட்டியம் என்ற ஊர். இன்றைக்கு அதன் பெயர் ஆன்ட்ஸியோ. அங்கே ரோமானிய அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோவுக்கு ஒரு வீடு இருந்தது. அவர் நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்து ஒரு வருடம்கூடச் சரியாக முடியவில்லை. அவர் இல்லாத நேரத்தில் அரசியல் எதிரி குளோடியஸ் ரோமில் இருந்த அவருடைய மாளிகையை இடித்துத் தள்ளியிருந்தான். நொந்துபோயிருந்த மனிதர் அன்ட்டியத்தில் உட்கார்ந்து, எஞ்சிய புத்தகங்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். அதற்குக் கிடைத்த ஆள் சாதாரண ஆளில்லை. திரானியோ என்ற கிரேக்க இலக்கண அறிஞர். கருங்கடல் கரையில் இருந்த அமிசஸ் நகரத்துக்காரர். அந்தப் பக்கத்து அரசன் மித்ரிதாதிஸுக்கு எதிரான போரில் ரோமானியத் தளபதி லூக்குல்லஸின் படையிடம் சிறைப்பட்டு ரோமுக்குக் கொண்டுவரப்பட்டவர். புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோ இவரிடம் பாடம் கேட்டிருக்கிறார். ஏதென்ஸிலிருந்து ரோமானியத் தளபதி சுல்லா அள்ளிக்கொண்டு வந்த நூலகத்தில் அரிஸ்டாட்டிலின் நூல்களும் இருந்தன. அவற்றைக் கையாண்டவர்களில் இவரும் ஒருவர். அப்படிப்பட்டவர் வந்து புத்தகம் அடுக்கித் தருகிறார்.

சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்குக் கடிதம் எழுதுகிறார். நீ இங்கே வந்தால் நன்றாக இருக்கும், திரானியோ என் நூல்களை எவ்வளவு அருமையாக ஒழுங்குபடுத்தியிருக்கிறார் என்று பார்ப்பாய் என்கிறார். உன்னுடைய நூலக ஆட்களில் இரண்டு பேரை அனுப்பு, பசை ஒட்டுகிற வேலைக்கும் மற்ற எடுபிடிக்கும் திரானியோவுக்கு உதவியாக இருக்கும் என்கிறார். அப்புறம் நம் கதைக்கு வேண்டிய வரி: அவர்கள் வரும்போது கொஞ்சம் மெல்லிய தோல்தாளும் எடுத்துவரச் சொல், ‘இண்டிசஸ்’ செய்வதற்கு, நீங்கள் கிரேக்கர்கள் அதை ‘சிட்டிபாஸ்’ என்பீர்கள் என்று நினைக்கிறேன்.

‘நீங்கள் கிரேக்கர்கள்’ என்பது கிண்டல். அட்டிகஸ் அசல் ரோமானியர்தான். ஆனால் இருபது வருடம் போல ஏதென்ஸிலேயே குடியிருந்தவர். ஏதென்ஸ் இருக்கும் பகுதிக்கு அட்டிகா என்று பெயர். அட்டிகஸ் என்ற பெயர் வந்ததும் அதனால்தான். ‘என்று நினைக்கிறேன்’ என்பதையும் கவனியுங்கள். கிரேக்கம் கரைத்துக் குடித்த சிசரோவே அந்தச் சொல்லைக் கொஞ்சம் தயங்கித்தான் எழுதுகிறார். அது புத்தக வேலை செய்பவர்கள் புழங்கிய பட்டறைச் சொல் போலிருக்கிறது.

அது என்ன பொருள் என்பது புரிய, அன்றைய நூலகத்தை மனதில் கொண்டுவர வேண்டும். புத்தகம் என்றால் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய சுருள். இன்று போல முதுகில் தலைப்பு அச்சடித்து நிற்க வைக்க முடியாது. சுருள்களை அலமாரித் தட்டில் படுக்க வைப்பார்கள். நூறு சுருளும் வெளியே இருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். எது யாருடைய நூல் என்று தெரிய ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் வேலை நடக்காது. அதனால் சுருளின் ஓரத்தில் ஒரு சிறு துண்டை ஒட்டி, அது வெளியே தொங்கும்படி விடுவார்கள். அதில் ஆசிரியர் பெயரும் நூல் பெயரும் இருக்கும். அந்தத் துண்டுதான் சிட்டிபா. நம் வழக்கில் சொன்னால் ஒரு லேபிள். சிட்டிபாஸ் என்பது அதன் பன்மை, செயப்படுபொருள் வடிவத்தில்.

வேலை முடிந்த பிறகு சிசரோவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். இன்னொரு கடிதத்தில், திரானியோ நூல்களை அடுக்கியதும் என் வீட்டுக்கே உயிர் வந்தது போல இருக்கிறது என்று எழுதுகிறார். அட்டிகஸ் அனுப்பிய டயோனீசியஸ், மெனோஃபிலஸ் இருவரையும் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். தட்டுகளும் லேபிள்களும் சேர்ந்து நூலகம் எப்படிப் பளிச்சென்று ஆயிற்று என்கிறார். மூன்றாவதாக ஒரு கடிதத்திலும் இந்த லேபிள்கள் வருகின்றன. ஆக, இந்தச் சொல் அவருடைய கடிதங்களில் மூன்று இடங்களில் வருகிறது. இந்த மூன்று என்ற கணக்கு பின்னால் தேவைப்படும்.

பிறகு பல நூற்றாண்டுகள் அந்தக் கடிதங்களை அநேகமாக யாரும் படிக்கவில்லை. 1345இல் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் வெரோனா தேவாலய நூலகத்தில் ஒரு பிரதியைக் கண்டெடுத்தார். தத்துவ ஞானி என்று தான் கொண்டாடிய சிசரோ, கடிதங்களில் புலம்புகிற, கணக்குப் போடுகிற, கட்சி மாறுகிற மனிதராக இருப்பதைப் பார்த்து மனம் உடைந்து, செத்து ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேலான சிசரோவுக்கே ஒரு பதில் கடிதம் எழுதினார். அது தனிக் கதை. நமக்கு வேண்டியது, அதற்குப் பிறகு இத்தாலியில் இந்தக் கடிதங்களுக்குப் படிகள் பெருகின என்பது. 1393இல் புளோரன்ஸ் நகர அறிஞர் கொலுச்சியோ சலுத்தாதிக்காக எழுதப்பட்ட பிரதி இன்றும் அந்த நகரத்தின் லாரென்சியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் அந்த இடத்தில் இருப்பது சிட்டிபாஸ் இல்லை. ‘சில்லபோஸ்’.

என்ன நடந்தது என்று ஊகிப்பது கஷ்டமில்லை. லத்தீன் கையெழுத்தில் ‘டி’ (t) எழுத்தின் குறுக்குக் கோடு மங்கினால் ‘எல்’ (l) ஆகிவிடும். படி எழுதுபவருக்குக் கிரேக்கம் தெரியாது. சிட்டிபாஸ் என்று ஒரு சொல்லை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. ஆனால் சில்லபா, அதாவது அசை, சின்ன வயதில் இலக்கணப் பாடத்தில் தினமும் உருப்போட்ட சொல். தெரியாத சொல்லைக் கண்டதும் கை தெரிந்த சொல்லின் பக்கம் சாய்ந்துவிட்டது.

சுவடி பதிப்பு வேலையைப் பற்றிக் கொஞ்சம் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரமா ஏகாரமா என்று தெரியாது. ரகரமும் காலும் ஒன்று போல நிற்கும். உ.வே.சாமிநாதையர் பதிப்புகளின் அடிக்குறிப்பில் பிரதிபேதங்கள் வரிசையாக இருப்பது அதனால்தான். இரண்டு பிரதியில் இரண்டு விதமாக இருந்தால், எளிதாகப் புரிகிற பாடத்தை, அதாவது வாசகத்தை, உடனே நம்பிவிடக் கூடாது. புரிகிற சொல்லை எழுத்தர் புரியாத சொல்லாக மாற்றுவது அபூர்வம். புரியாததைப் புரிவதாக மாற்றுவது தினசரி நடப்பது. ஐரோப்பியப் பதிப்பாசிரியர்களும் இதே விதியைத்தான் வைத்திருக்கிறார்கள், கடினமான பாடமே மூலத்துக்கு நெருக்கம் என்று.

1470இல் இந்தக் கடிதங்கள் ரோமிலும் வெனிஸிலும் அச்சேறின. தொடக்ககால அச்சுப் பதிப்புகள் சிலவற்றில் சில்லபோஸ் அப்படியே இடம்பெற்றது. இணையத்தில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ‘சிலபஸ் ஓர் அச்சுப்பிழை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பாவம், அச்சுக் கோத்தவர் மேல் பழி போடுகிறார்கள். 1393ஆம் ஆண்டுப் பிரதியிலேயே பிழை இருக்கிறதே. ஐரோப்பாவில் அச்சகம் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னால். அச்சகம் செய்தது, கையெழுத்துப் பிரதியில் ஒருவர் செய்த தப்பை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது மட்டும்தான்.

என் பார்வையில் உண்மையான குற்றவாளிகள் படி எழுதிய அந்த எழுத்தருக்கும் பிறகு வந்தவர்கள், அதாவது கிரேக்கம் நன்றாகத் தெரிந்தவர்கள். சிசரோ ‘கிரேக்கர்கள் சொல்வது’ என்கிறாரே, இங்கே ஒரு கிரேக்கச் சொல் அல்லவா இருக்க வேண்டும் என்று யோசித்த பதிப்பாசிரியர்கள், சில்லபோஸை எடுத்துக் கிரேக்க எழுத்தில் ‘சுல்லபூஸ்’ என்று திருத்தி எழுதினார்கள். பன்மை அது என்றால் ஒருமை ‘சுல்லபோஸ்’ ஆக வேண்டும். வேர்? சுல்லம்பானோ. பொருள்? தொகுப்பு. முடிந்தது. எழுத்தர் ஒரு தப்பான எழுத்தைத்தான் எழுதினார். அந்தத் தப்பு எழுத்துக்கு அப்பா, தாத்தா, குலம், கோத்திரம் எல்லாம் எழுதிக் கொடுத்தவர்கள் இவர்கள். பிழை பிழையாகவே இருந்திருந்தால் யாராவது சீக்கிரம் கண்டுபிடித்திருப்பார்கள். வம்சாவளியோடு நிற்கிற பிழையை யார் சந்தேகப்படுவார்கள்?

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. சொல்லின் வடிவம் மட்டும் தவறிப் போகவில்லை, பொருளும் நகர்ந்துவிட்டது. லேபிளுக்கும் பட்டியலுக்கும் என்ன சம்பந்தம்? சிசரோ அந்த வரியில் பயன்படுத்திய லத்தீன் சொல் இண்டிசஸ், அதாவது இண்டெக்ஸின் பன்மை. இண்டெக்ஸ் என்றால் சுட்டிக்காட்டுவது. நம் சுட்டுவிரலுக்கும் லத்தீனில் அதே பெயர்தான். சுருளில் தொங்கும் பெயர்ச்சீட்டும் நூலைச் சுட்டுவதால் இண்டெக்ஸ்தான். ஆனால் அச்சுப் புத்தகக் காலத்தில் இண்டெக்ஸ் என்றதும் மனதில் வருவது பொருளடக்கம், அட்டவணை. ‘இண்டெக்ஸ், அதாவது சில்லபோஸ்’ என்று படித்தவர்கள், சரி, சில்லபஸ் என்றால் அட்டவணை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். தொகுப்பு என்ற கற்பனை வேரும் அதற்கு ஒத்துப்போயிற்று. ஒரே வாக்கியத்தில் ஒரு சொல்லைத் தப்பாகப் படித்து, பக்கத்துச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு, இரண்டும் கூட்டுச் சேர்ந்து ஒரு புதுச் சொல்லைப் பெற்றெடுத்தன.

சிலபஸ் உண்மையான லத்தீன் சொல்தான் என்று வாதாட ஒரு சாட்சியையும் அகராதிக்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள்: புனித அகஸ்டின். அவருடைய ‘ஒப்புதல்கள்’ நூலின் பதின்மூன்றாம் பகுதியில், தேவதூதர்கள் இறைவனின் விருப்பத்தைக் ‘காலத்தின் சில்லபிஸ் இல்லாமல்’ படிக்கிறார்கள் என்று ஓர் இடம். 1879இல் வந்த லூயிஸ்–ஷார்ட் லத்தீன் அகராதிகூட இதைக் காட்டித்தான் சில்லபஸ் என்ற பதிவைக் கொடுக்கிறது. ஆனால் லத்தீனில் அந்த வேற்றுமை வடிவத்தில் சில்லபாவின் பன்மையும் சில்லபிஸ்தான், சில்லபஸின் பன்மையும் சில்லபிஸ்தான். எது என்று வடிவத்தை வைத்துச் சொல்ல முடியாது. பொருளைப் பாருங்கள். மனிதர்கள் அசை அசையாக, நேரம் எடுத்துக்கொண்டு படிக்கிறார்கள். தேவதூதர்களுக்கு அது தேவையில்லை. அகஸ்டின் சொல்வது அசையைத்தான். தேவதூதர்களுக்குப் பாடத்திட்டம் கிடையாது என்று அவர் சொன்னதாக எடுத்துக்கொள்வது வேடிக்கையாக இருக்கலாம், உரை ஆகாது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி இந்தச் சாட்சியைத் தள்ளுபடி செய்துவிட்டது.

பிழை எப்படிப் பிடிபட்டது? முன்பு சொன்ன மூன்று இடங்களால்தான். ஒரு கடிதத்தில் சில்லபோஸ் என்று கெட்டுப்போயிருந்தாலும், மற்ற இரண்டு கடிதங்களில் பிரதிகள் வேறு மாதிரி எழுதியிருந்தன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அசைக்கும் தொகுப்புக்கும் இங்கே வேலையே இல்லை என்பது தெரிந்துவிட்டது.

இங்கே ஒரு சின்னத் தகராறு மிச்சம் இருக்கிறது. அந்த மற்ற இரண்டு இடங்களிலும் பாடம் ஒரே மாதிரி இல்லை. ஓரிடம் சிட்டிபா என்ற வடிவத்துக்கு இழுக்கிறது, இன்னோரிடம் சில்லிபோஸ் என்ற வடிவத்துக்கு. பாப்பிரஸ் ஆய்வாளர்கள் இப்போது இந்த லேபிளைப் பொதுவாகச் சில்லிபோஸ் என்றே அழைக்கிறார்கள். அதுதான் சிசரோ எழுதியது என்றால், இரட்டை ‘எல்’ முதலிலிருந்தே இருந்திருக்கும். ‘டி’ எழுத்தின் மேல் நான் போட்ட குற்றச்சாட்டை வாபஸ் வாங்க வேண்டியதுதான், நடுவில் இருந்த ஓர் உயிரெழுத்து மட்டும் திரிந்தது என்று ஆகும். எப்படியானாலும் முடிவு மாறாது. சுல்லபோஸ் என்று ஒரு கிரேக்கப் பட்டியல் இருந்ததில்லை.

சிட்டிபா என்றதும் நம்மவர்கள் சிலருக்குச் சீட்டு, சிட்டை என்றெல்லாம் மனம் ஓடும். ஓட விடாதீர்கள். ஓசை ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது, அதனால் உறவு இருக்க வேண்டும் என்று முடிவு கட்டியதுதான் அந்தக் காலத்துப் பதிப்பாசிரியர்கள் செய்ததும்.

சரி, ஆங்கிலத்துக்கு வருவோம். 1650களில் சிலபஸ் ஆங்கிலத்தில் தலைகாட்டுகிறது, அட்டவணை, பொருளடக்கம் என்ற பொருளில். பள்ளிக்கூட வாசனை அப்போது அதற்கு அவ்வளவாக இல்லை. சுருக்கக் குறிப்பு, தலைப்புகளின் நிரல் எதுவானாலும் சிலபஸ்தான். விஞ்ஞானி தாமஸ் யங் 1802இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தான் நடத்திய சொற்பொழிவுகளின் சிலபஸைத் தனி நூலாகவே வெளியிட்டார். இன்றைய பொருளுக்கு இது மிக அருகில் வந்துவிட்டது. ஆனால் அடுத்த வருடமே, அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் இயேசுவின் போதனைகளைப் பற்றிய தன் கருத்துகளைச் சுருக்கமாக எழுதி நண்பர் பெஞ்சமின் ரஷ்ஷுக்கு அனுப்பியபோது அதற்கும் சிலபஸ் என்றுதான் தலைப்பு வைத்தார். 1864 டிசம்பரில் போப் ஒன்பதாம் பயஸ், கத்தோலிக்கர்கள் ஏற்கக் கூடாத 80 கருத்துகளின் பட்டியலை வெளியிட்டார். அதன் பெயரும் சிலபஸ், ‘பிழைகளின் சிலபஸ்’. ஒரு பிழைச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு பிழைப் பட்டியல் வந்தது தற்செயல்தான், ஆனால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. தீர்ப்பின் தலைப்பில் வரும் சுருக்கத்துக்குச் சிலபஸ் என்று பெயர். இது வாசகர் வசதிக்காகத் தயாரித்தது, நீதிமன்றத்தின் கருத்து அல்ல என்ற எச்சரிக்கையும் 1906ஆம் ஆண்டு வழக்கு ஒன்றை மேற்கோள் காட்டி அதிலேயே அச்சாகியிருக்கும். நமக்கோ சிலபஸ் என்றால் தேர்வு, தேர்வு என்றால் சிலபஸ். கேள்வித்தாள் கடினமாக இருந்தால் ‘அவுட் ஆஃப் சிலபஸ்’. கல்யாணத்துக்குப் பிறகு வரும் சிக்கல்களுக்கும் அதே பெயர்.

இனி மிச்சக் கேள்விகள். சிலபிள் உண்மையான கிரேக்கச் சொல்தான்: சுல்லபே, எழுத்துகளைச் சேர்த்து எடுத்து ஒரே மூச்சில் சொல்வது. சிலபஸ் அதற்குத் தம்பியாகப் பிறக்கவில்லை. ஆனால் தன் முகத்தை அதனிடமிருந்து வாங்கிக்கொண்டது, எழுத்தரின் கை அந்தப் பக்கம் சாய்ந்ததால்.

பன்மை? ஆங்கில அகராதிகள் சிலபை, சிலபஸஸ் இரண்டையும் ஏற்கின்றன. எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் ‘சிலபஸஸ் என்பது படிக்காதவர் வழக்கு, லத்தீன் இலக்கணப்படி சிலபைதான்’ என்று யாராவது உங்களைத் திருத்த வந்தால், அமைதியாகக் கேளுங்கள். பிறகு, சிசரோ எழுதிய சொல் சிட்டிபா என்றால் அதன் லத்தீன் பன்மை சிட்டிபாய் ஆகுமே, அதை ஏன் சொல்வதில்லை என்று கேட்டுப் பாருங்கள். நான் ஒருமுறை கேட்டேன். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

இவ்வளவு தெரிந்த பிறகு சிலபஸ் என்ற சொல்லைக் கைவிட வேண்டுமா? அப்படி ஒன்றும் இல்லை. தவறுதலால் மட்டுமே உருவாகி அகராதிக்குள் புகுந்த சொற்களை மொழியறிஞர் வால்டர் ஸ்கீட் 1886இல் ‘ஆவிச் சொற்கள்’ என்றார். 1934இல் வெப்ஸ்டர் அகராதியில் ‘டார்ட்’ (dord) என்று ஒரு சொல் அடர்த்தி என்ற பொருளோடு வந்தது. ‘டி ஆர் டி’ (D or d), அதாவது அந்த எழுத்து பெரியதானாலும் சின்னதானாலும் அடர்த்தியைக் குறிக்கும் என்று எழுதி வைத்த சீட்டை யாரோ ஒரே சொல்லாகப் படித்ததால் வந்த வினை. 1939இல் ஆசிரியர் ஒருவர் அது எப்படி வந்தது என்று தேடிப் பார்க்க, பின்னால் நீக்கப்பட்டது. யாரும் அழவில்லை, யாரும் அதைப் பயன்படுத்தியதில்லையே. சிலபஸ் அப்படி இல்லை. அது ஆவியாக வந்து, உடம்பு தேடிக்கொண்டு, முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகக் குடும்பம் நடத்துகிறது. தமிழில் நமக்குப் பாடத்திட்டம் என்ற நல்ல சொல் இருக்கிறது. பிரதிகளில் உள்ள வாசகத்துக்கும் நாம் பாடம் என்றுதான் சொல்கிறோம், வகுப்பில் நடத்துவதற்கும் பாடம் என்றுதான் சொல்கிறோம். ஒரு பாடபேதத்திலிருந்து பாடத்திட்டம் பிறந்த இந்தக் கதையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வேறு எந்த மொழியில் முடியும் என்று தெரியவில்லை.

அசல் சிட்டிபா, அல்லது சில்லிபோஸ், எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையிருந்தால் அதற்கும் வழி உண்டு. எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற பழைய நகரத்தின் குப்பைமேடுகளை கிரென்ஃபெல், ஹண்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1897இலிருந்து தோண்டினார்கள். கிடைத்த பாப்பிரஸ் துண்டுகளில் ஒன்று கிரேக்கக் கவிஞர் பக்கிலிடீஸின் டித்திராம்பு என்ற வகைப் பாடல்கள் அடங்கிய சுருளின் பகுதி. அதன் லேபிளும் கிடைத்திருக்கிறது. இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் பட்டியல் இல்லை, தொகுப்பு இல்லை, மதிப்பெண் இல்லை. இரண்டே சொற்கள்: பக்கிலிடீஸின் டித்திராம்புகள்.